கேன்டீனுக்கு நாலு பாரா, கடத்துக்கு ஒரு வரி இல்லை

போன மாதம் ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். பகலில் சாஃப்ட்வேர் கம்பெனி, சாயங்காலம் சபா. அந்த ரகம்.

"சார், சென்னை சங்கீதத்துக்குன்னே ஒரு வெப்சைட் ஆரம்பிக்கிறோம். தொடக்க விழாவுல நீங்க ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசணும்."

"நான் எதுக்குப்பா? எனக்கு ராகம் பிடிபடறதுக்குள்ள பல்லவி முடிஞ்சுடும்."

"நீங்க பத்திரிகைல எழுதறீங்களே சார்!"

காரணம் நேர்மையாக இருந்தது. ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். சைட்டை முதலில் நான் பார்ப்பேன், மனசில் பட்டதைத்தான் சொல்வேன். பையன் தலையாட்டினான். நான் பி.காம். என்பது பாவம் அவனுக்குத் தெரியாது. வரவு செலவு பார்க்காமல் எங்களுக்கு வாழ்த்த வராது.

இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். (சைட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் விளம்பரம் என்பீர்கள், மீதிப் பேர் வம்பு என்பீர்கள்.)

முதலில் வரவு. எந்த சபாவில் எத்தனை மணிக்கு யார் கச்சேரி என்று ஒரு தட்டில் வந்துவிடுகிறது. இலவசக் கச்சேரிகளைத் தனி நிறத்தில் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் பஸ் நிறுத்தம் எது என்றுகூட இருக்கிறது. மார்கழியில் மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்குப் போய்ச் சேர்வதற்குள் வர்ணம் முடிந்து ஆலாபனையும் முடிந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும். நல்ல வேலை. சந்தேகமே இல்லை.

இனி செலவுப் பக்கம்.

ஒரு சபா கேன்டீனைப் பற்றி நாலு பாரா எழுதியிருக்கிறார்கள். அடை எப்படி, அவியல் எப்படி, காபியில் டிகாஷன் தூக்கலா இல்லையா, எல்லாம் உண்டு. ரசித்துப் படித்தேன். பசிகூட எடுத்தது. அதே நாள், அதே சபா, மத்தியானக் கச்சேரி பற்றி மூன்று வரி. பாடிய பெண்ணின் பெயர் இருக்கிறது. வயலின் யார், மிருதங்கம் யார்? இல்லை. கடம்? மூச்!

நம் கச்சேரி ஒரு ஆள் விவகாரமா, சொல்லுங்கள். பழனி சுப்ரமணிய பிள்ளை இடது கைக்காரர். அவர் மிருதங்கத்தோடு வந்தால் மேடையில் உட்காரும் வரிசையே மாற வேண்டும். இதை யாரோ குறித்து வைத்ததால்தானே இன்றைக்கு நமக்குத் தெரிகிறது? பக்கவாத்தியக்காரர் பெயரை விட்டால் பாதிக் கச்சேரியை விட்டதாக அர்த்தம்.

அடுத்தது விமரிசனம். நாற்பது விமரிசனங்கள் படித்தேன். நாற்பதிலும் ரசிகர்களைக் 'கட்டிப்போட்டு' விட்டார்கள். ஒரு கச்சேரிகூடவா சுமாராக இல்லை? கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய ஊர் இது. 2007-ல் மறைந்த சுப்புடுவின் பேனாவுக்குப் பயந்த வித்வான்கள் உண்டு. அவர்கள் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பாராட்டினால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு போடும் வாத்தியார் பேப்பரைத் திருத்தவில்லை என்றுதான் நாங்கள் சொல்வோம்.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது மூன்றாவது விஷயத்தில். வாய்ப்பாட்டுக்காரர்களுக்கு அகர வரிசையில் தனிப் பக்கங்கள். நாதஸ்வரம் எங்கே என்று தேடினேன். 'இதர வாத்தியங்கள்' என்ற தலைப்புக்குள் கிடந்தது. டி.என். ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம், ஷேக் சின்ன மௌலானா, நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன்... இவர்களா இதர? ஒரு தொடக்க விழா நிகழ்ச்சி நிரலில் 'மங்கள இசை' என்று நேரம் மட்டும் போட்டிருக்கிறது. வாசித்த மனிதருக்குப் பெயர் கிடையாது. விளக்கு ஏற்றிய பிரமுகருக்கு மட்டும் போட்டோவோடு இருக்கிறது.

பி.எம். சுந்தரம், தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மகன். நாதஸ்வர, தவில் கலைஞர்களின் வாழ்க்கையைத் திரட்டி 'மங்கல இசை மன்னர்கள்' என்று புத்தகமே போட்டார். அவர் ஒரு ஆள். நீங்கள் ஆறு பேர், ஆறு லேப்டாப். ஒரு பெயரை டைப் அடிக்க முடியவில்லையா?

'வரலாறு' என்று ஒரு பக்கமும் உண்டு. 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு, அதை ஒட்டி நடந்த இசை மாநாடு, 1928-ல் மியூசிக் அகாடமி. அங்கிருந்து ஒரே தாவல். 2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சேர்த்தது. முடிந்தது வரலாறு! நடுவில் தொண்ணூறு வருஷம் ஊர் தூங்கிக்கொண்டா இருந்தது?

ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வாசிப்பார். மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. 1938-ல் அவர் போய்விட்டார். கிராமபோன் தட்டுகளில் மிஞ்சியது கொஞ்சம்தான். அந்த வெள்ளிக்கிழமைகளைப் பற்றி இன்று நாம் பேச முடிகிறதென்றால், உட்கார்ந்து கேட்டவர்கள் சொல்லியும் எழுதியும் வைத்ததுதான் காரணம். எங்கே இட்லி நன்றாக இருந்தது என்று எழுதி வைத்ததால் அல்ல.

கடைசியாக, பி.காம்.காரனின் கேள்வி. தேய்மானத்துக்கு என்ன ஒதுக்கியிருக்கிறீர்கள்?

சிரிக்காதீர்கள். சஞ்சய் சுப்ரமணியனும் வி. ஸ்ரீராமும் சேர்ந்து 'சங்கீதம் டாட் காம்' என்று ஒன்றைச் சில வருடங்கள் நன்றாகவே நடத்தினார்கள். அது நின்றுவிட்டது. எத்தனையோ ரசிகர்கள் ஜியோசிட்டீஸில் இலவசமாகப் பக்கம் போட்டார்கள். 2009-ல் அந்தக் கடையையே மூடினார்கள். யூனிகோட் வருவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் போட்ட தமிழ்ப் பக்கங்களை இன்று திறந்தால் கட்டமும் கேள்விக்குறியும்தான். 2020 முடிவில் ஃப்ளாஷும் போயிற்று. முதல் வருஷம் உற்சாகம் நடத்தும். இரண்டாவது வருஷம் ரோஷம் நடத்தும். நாலாவது வருஷம் ஒருத்தனுக்குக் கல்யாணம், ஒருத்தனுக்கு அமெரிக்கா, பெயரைப் புதுப்பிக்கும் மெயில் யாரும் பார்க்காத பெட்டியில் கிடக்கும். அப்புறம்?

விழாவில் இதையெல்லாம் சொன்னேன். ஹாலில் அவ்வளவு சத்தமில்லை. 'இவனை ஏன் கூப்பிட்டோம்' என்று பையன் நினைத்திருப்பான். அதனால் என் கணக்கையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியப்பா ரயில்வே குமாஸ்தா. கச்சேரிக்குப் போனால் வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் சாப்பிடுவார். தேதி, சபா, பாடியவர், பக்கவாத்தியம் அத்தனை பேர், வர்ணத்திலிருந்து மங்களம் வரை உருப்படிகள், தனி ஆவர்த்தனம் எத்தனை நிமிஷம். கடைசிக் கட்டத்தில் அவர் தீர்ப்பு. 'தேவலை.' 'ஜலதோஷம்.' 'அவசரம் ஏனோ.' 'மறக்க மாட்டேன்.' முப்பது வருஷத்துக்கு மேல் இப்படி எழுதினார்.

2011-ல் அவர் காலமானார். ஃப்ளாட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். பழைய பேப்பர்காரரை அழைத்து வந்தவன் நான். கிலோ எட்டு ரூபாய். பதினோரு கிலோ, எண்பத்தெட்டு ரூபாய். தராசு சரியா என்று நன்றாகப் பார்த்தேன். எடை போட்டதில் ஒரு தப்பும் இல்லை.

ஒரே ஒரு நோட்டு தப்பியது. பின்பக்கத்தில் பெரியம்மா பால் கணக்கு எழுதியிருந்ததால், முக்கியமான நோட்டு என்று எடுத்து வைத்திருந்தாள்.

ஆகவே அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. அவர்கள் கடம் பெயரைத்தான் விட்டார்கள். நான் மொத்தத்தையும் எடைக்குப் போட்டேன். அதனால்தான் சொல்கிறேன். நாளைக்கு யார் பாடப் போகிறார்கள் என்பதைப் பேப்பரே சொல்லிவிடும். நேற்று யார் பாடினார்கள், கூட யார் வாசித்தார்கள், அது எப்படி இருந்தது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் போன் செய்தான்.

"சார், பக்கவாத்தியம் எல்லாம் பேரு போட்டாச்சு. நாதஸ்வரத்துக்குத் தனிப் பக்கம் வருது. அந்த நோட்டு இருந்தா குடுங்க சார், ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பித் தர்றோம்."

கொடுத்தேன். ரசீது வாங்கிக்கொண்டுதான்.