மீட்சியும் கடனும்

சினுவா அச்செபேயின் ‘நோ லாங்கர் அட் ஈஸ்’ (1960) என்னும் ஆங்கிலப் புதினத்தை இரு பண்பாடுகளிடையே அலைவுற்றவனின் கதை என்பர். அது முழுதும் பொருந்தாது. நிலவழக்குகளை நடத்த வழக்கறிஞன் ஒருவன் வேண்டி, நைஜீரிய இளைஞன் ஓபிக்கு ஊர்ச்சங்கம் 800 பவுன் கடனாக அளித்தது. அவனோ இங்கிலாந்தில் ஆங்கில இலக்கியம் பயின்று மீண்டான். லாகோசில் நிகழ்ந்த வரவேற்பிற்குக் கோட்டணியாது வந்து எளிய நடையிற் பேசினான். ஆரவார ஆங்கிலத்தை எதிர்நோக்கியிருந்தோர் ஏமாற்றமுற்றனர். (நம் பாராட்டுக் கூட்டங்களும் இதற்கு விலக்கல்ல.)

தமிழிற் ‘கடன்’ என்பது பெற்ற பொருளையும் ஆற்றவேண்டிய கடமையையும் ஒருங்கே சுட்டும். சங்கத்தாரும் அவ்விரண்டையும் பிரித்தறிந்திலர். தவணையை நீட்டித்த கூட்டத்திலேயே, ஓபி மணக்கவிருந்த, ஊர் விலக்கிய குடியிற் பிறந்த கிளாராவைப்பற்றித் தலைவர் குறிப்பிடலானார். ஓபி வெகுண்டான்; தன் வேண்டுகோளைத் திரும்பப் பெற்று, மாத முடிவிலேயே கடனைச் செலுத்தத் தொடங்குவதாகக் கூறி வெளியேறினான். இக்காட்சியே புதினத்தின் உயிர்நிலை என்பது என் கருத்து. கையூட்டு வழக்கை முதலிலேயே கூறிவிட்ட ஆசிரியர், அவ்வீழ்ச்சியின் வித்தை இங்கேதான் இட்டுள்ளார்.