எனின்

பழைய உரைகளை வாய்விட்டுப் படிக்கும்போது என்னை நிறுத்துவது ‘எனின்’ என்ற சிறு சொல்தான். நூற்பாவுக்குப் பொருள் சொல்லிக்கொண்டே வரும் உரைகாரர், எதிரே அமர்ந்த மாணவன் வாய் திறப்பதற்குள், அவன் கேட்கக்கூடியதைத் தானே கேட்டு ‘எனின்’ என்று முடிக்கிறார். அந்த மெல்லிய னகரம் ஒரு நொடி நாக்கில் தங்குகிறது. வாசகனும் அந்த ஒரு நொடி யோசிக்கிறான். அதற்குப் பிறகே விடை. எத்தனை நிதானம்!

சேனாவரையர் இதில் கைதேர்ந்தவர். தொல்காப்பியச் சொல்லதிகார உரையில், தமக்கு முந்தைய உரைகாரரான இளம்பூரணரை மறுக்கும்போதுகூட அவர் பெயரைச் சொல்லாமல், ‘உரையாசிரியர்’ என்றே குறிப்பிடுகிறார். எதிர்க்கருத்தை முன்னால் வைத்துவிட்டே அதற்கு மறுப்புச் சொல்கிறார். மரத்தின் ரேகை பார்த்து உளி வைக்கும் தச்சரின் பொறுமை அது. திருக்குறள் உரைகாரரான பரிமேலழகர் இன்னும் சிக்கனம். ‘என்பாரும் உளர்’ என்று இரண்டே சொல்லில் மாற்றாருக்கும் ஓர் இருக்கை போட்டுவிடுகிறார். மறுப்பதற்காகப் போட்ட இருக்கைதான், ஆனாலும் வந்தவர் உட்கார்ந்து விடுகிறார். திருக்குறளுக்குப் பிறர் கொண்ட பாடங்கள் சில, அவற்றை ஏற்காத அவர் உரையிலேயே இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.