பூச்சியத்திலிருந்து 10,000 டாலர்: கிறிஸ் ஃபெர்குசனின் போக்கர் சோதனை குறித்த விமரிசனம்

கிறிஸ் ஃபெர்குசன் அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர். 1963இல் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய தந்தை தாமஸ் ஃபெர்குசன் அதே பல்கலைக்கழகத்தில் கேம் தியரி எனப்படும் ஆட்டக் கோட்பாட்டைக் கற்பித்தவர். 2000ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் மகன் வென்று 15 லட்சம் டாலர் பரிசு பெற்றார். 2006இல், தாமும் உரிமையாளர்களுள் ஒருவராக இருந்த ஃபுல் டில்ட் போக்கர் என்ற இணையதளத்தில் அவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். சொந்தப் பணம் ஒரு சென்ட்கூடப் போடாமல், இலவசப் போட்டிகளில் கிடைப்பதை மட்டும் கொண்டு 10,000 டாலர் சேர்ப்பது என்பதே அதன் இலக்கு. சுமார் 16 மாதங்களுக்குப் பின் 2007இல் அந்த இலக்கை எட்டினார்.

போக்கர் ஆட ஒதுக்கிவைக்கும் கைமுதலைப் பேங்க்ரோல் என்பர். அதைக் காப்பது எப்படி என்று எழுதுபவர்கள் இன்றும் ஃபெர்குசனின் விதிகளை எடுத்துக்காட்டுகிறார்கள். விதிகள் எளியவை. பண மேசையிலோ, ஒரே மேசையில் முடியும் 'சிட் அண்ட் கோ' போட்டியிலோ கைமுதலில் 5 விழுக்காட்டுக்கு மேல் போடக்கூடாது. பல மேசைப் போட்டிக்கு 2 விழுக்காடுதான் எல்லை. பண மேசையில் முன்னால் உள்ள தொகை கைமுதலில் 10 விழுக்காட்டைத் தாண்டினால், கட்டாயப் பந்தயமான பிளைண்ட் தம்மிடம் வரும்போது எழுந்துவிட வேண்டும். கைமுதல் குறைந்தால் சிறிய ஆட்டத்துக்கு இறங்க வேண்டும். விதிவிலக்குகள் இரண்டு உண்டு: 2.50 டாலர் வரையிலான மேசைகளிலும், 1 டாலர் பல மேசைப் போட்டியிலும் எப்போதும் ஆடலாம்.

இவ்விதிகளின் சிறப்பு, ஆட்ட வகைக்கு ஏற்ப எல்லை மாறுவதில் இருக்கிறது. 9 பேர் ஆடும் சிட் அண்ட் கோவில் பெரும்பாலும் முதல் மூவருக்குப் பரிசு. எனவே சராசரி ஆட்டக்காரர் மூன்று முறை ஆடினால் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்புவார். தொடர்ந்து 20 முறை அப்படித் திரும்புவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் 3 அளவுதான். நூற்றுக்கணக்கானோர் ஆடும் பல மேசைப் போட்டியில் 12 விழுக்காட்டினருக்குப் பரிசு என்று கொள்வோம். அங்கே 20 போட்டிகளில் ஒன்றில்கூடப் பரிசு வராமல் போக ஏறத்தாழ 13இல் ஒரு வாய்ப்பு உண்டு. 50 போட்டிகள் என்றால் அது ஆயிரத்தில் 2 ஆகச் சுருங்குகிறது. 5 விழுக்காடு என்பது 20 நுழைவுகள், 2 விழுக்காடு என்பது 50 நுழைவுகள். எண்கள் காற்றில் எடுத்தவை அல்ல என்பது இதிலிருந்து தெரியும். இதற்குப் பின்னால் பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956இல் முன்வைத்த கருத்தின் சாயல் உண்டு: கையிலுள்ளதில் ஒரு பங்கை மட்டும் பந்தயமாக வைத்துக்கொண்டே போனால், தோற்கும்போது பந்தயமும் சிறுத்துவிடும், முற்றிலும் ஓட்டாண்டி ஆகமாட்டார்.

ஆனால் பந்தயம் எவ்வளவு வேண்டுமானாலும் சிறுக்க முடிந்தால்தான் அது பொருந்தும். இணையத்தில் ஓர் அடிமட்டத் தொகை உண்டு. அதனால்தான் விதிவிலக்குகள் தேவைப்பட்டன. விமரிசனமும் அங்கேதான் தொடங்க வேண்டும். கையில் 10 டாலர் உள்ளவர் 2.50 டாலர் மேசையில் அமர்ந்தால் அது 5 விழுக்காடு அல்ல, 25 விழுக்காடு. சிட் அண்ட் கோவில் நான்கு முறை தொடர்ந்து தோற்றால் கதை முடிந்தது. சராசரி ஆட்டக்காரருக்கு அது நடக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. அதாவது, கைமுதல் மிகச் சிறியதாக இருக்கும் கட்டத்தில், எப்போது காப்பு மிக அதிகமாகத் தேவையோ அப்போது, விதி செயல்படுவதே இல்லை.

ஃபெர்குசனின் அனுபவமும் இதையே சொல்கிறது. முதல் சில மாதங்கள் அவர் இலவசப் போட்டியில் ஓரிரு டாலர் பெறுவதும், அதை இழந்து மீண்டும் பூச்சியத்துக்கு வருவதுமாக இருந்தார். திருப்பம் 1 டாலர் கட்டணப் பல மேசைப் போட்டி ஒன்றில் வந்தது. 683 பேரில் இரண்டாம் இடம் பெற்று 104 டாலர் வென்றார். 2 விழுக்காட்டு விதிப்படி அந்தப் போட்டிக்கு 50 டாலர் கைமுதல் வேண்டும். அவரிடம் இருந்ததோ சில டாலர்கள். ஆகவே அவரை மேலே தூக்கியது விதி அல்ல, விதிவிலக்கு. 104 டாலருக்குப் பிறகு விதி தன் வேலையைச் செவ்வனே செய்தது என்பது உண்மை. ஆனால் 'பூச்சியத்திலிருந்து' என்ற சொல்தான் இந்தச் சோதனைக்குப் புகழ் தந்தது. அந்தப் பகுதிக்கு விதியைக் காரணம் காட்ட முடியாது. எத்தனை முறை விழுந்தாலும் இலவசமாக மீண்டும் தொடங்கலாம் என்ற நிலையும், உலக வாகையர் ஒருவரின் திறமையும், 683 பேரில் ஒரு நல்ல நாளும் சேர்ந்த விளைவு அது.

10 விழுக்காட்டு விதியும் ஆராயத்தக்கது. 200 டாலர் கைமுதலோடு 10 டாலர் மேசையில் அமர்ந்தவர் முன்னால் 25 டாலர் சேர்ந்தால் எழுந்துவிட வேண்டும். நோ லிமிட் ஆட்டத்தில் ஒரு கையில் இழக்கக்கூடியது இருவருள் யாரிடம் குறைவாக உள்ளதோ அந்தத் தொகை மட்டுமே. மற்றவர்கள் 10 டாலரோடு அமர்ந்திருந்தால், யாரை எதிர்த்தாலும் அவருடைய 25இல் 10க்கு மேல் போகாது. அப்படியிருந்தும் விதி எழச் சொல்கிறது. பலவீனமானவர்கள் சூழ்ந்த நல்ல மேசையை விட்டுப் போவது வருமான நோக்கில் இழப்பு. வென்ற மயக்கத்தில் அமர்ந்திருப்பவரை எழுப்பும் கடிவாளம் என்ற அளவில் மட்டும் இதை ஏற்கலாம்.

இனி, விதிகள் தொடாத செலவு ஒன்று: தளம் பிடிக்கும் கமிஷன். 1 டாலர் சிட் அண்ட் கோவுக்கு 20 சென்ட் கட்டணம் என்றால், 9 பேர் கட்டிய 10.80 டாலரில் 1.80 டாலர் தளத்துக்குப் போகிறது. அது ஆறில் ஒரு பங்கு. எல்லோரும் சமதிறமை உடையவர்கள் என்றால் எல்லோரும் தோற்கிறார்கள். தளம் மட்டும் வெல்கிறது. பெரிய மேசைகளில் இந்த விகிதம் குறையும். எனவே மிகச் சிறிய கைமுதலோடு ஏறிவருபவர்தான் விகிதப்படி மிகக் கூடுதலாகக் கட்டுகிறார். நேரமும் அப்படியே. வாரம் 10 மணி நேரம் ஆடினார் என்று வைத்துக்கொண்டால், 16 மாதத்துக்கு ஏறத்தாழ 700 மணி. மணிக்கு 14 டாலர் சொச்சம். முனைவர் பட்டமும் உலக வாகையும் உள்ளவருக்கு இது. மற்றவர்கள் தம் கணக்கைத் தாமே போட்டுக்கொள்ளலாம். இலவசப் போட்டி என்பதே தளத்தின் விளம்பரச் செலவு என்பதையும், அங்கே புகழ்பெற்ற உரிமையாளர் ஒருவர் ஆடுவது அதனினும் சிறந்த விளம்பரம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இவையனைத்தையும்விடப் பெரிய குறை, விதிகள் எதிர்ப்பக்கத்து ஆட்டக்காரரால் வரும் இழப்பை மட்டுமே அளந்தன என்பது. கைமுதல் முழுவதும் எங்கே இருக்கிறது? தளத்தின் கணக்கில், திரையில் தெரியும் ஓர் எண்ணாக. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை ஃபுல் டில்ட், போக்கர்ஸ்டார்ஸ், அப்சலூட் போக்கர் ஆகியவற்றின் இணைய முகவரிகளை முடக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் திருத்திய புகாரில் அது கூறியதாவது: 2011 மார்ச் இறுதியில் ஃபுல் டில்ட் உலகெங்கும் ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டியது சுமார் 39 கோடி டாலர், அதன் வங்கிக் கணக்குகளில் இருந்தது சுமார் 6 கோடி. 2007 ஏப்ரல் முதல் இயக்குநர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் பிரித்துத் தரப்பட்டது 44 கோடிக்கு மேல். வங்கியிலிருந்து வந்துசேராத பணத்தையும் தளம் ஆட்டக்காரர் கணக்கில் வரவு வைத்திருந்தது. புகாரில் பெயர் குறிப்பிடப்பட்ட இயக்குநர்களுள் ஃபெர்குசனும் ஒருவர்.

மொத்தக் கைமுதலையும் ஒரே தளத்தில் வைத்திருந்தவர் 100 விழுக்காட்டை ஒரே பந்தயத்தில் வைத்திருந்தார், தமக்குத் தெரியாமலே. 5 விழுக்காட்டைக் கண்ணும் கருத்துமாகக் காத்தவரும் அப்படித்தான். 2012இல் போக்கர்ஸ்டார்ஸ் நிறுவனம் அரசோடு உடன்பாடு செய்து ஃபுல் டில்ட்டின் சொத்துகளை ஏற்ற பிறகே பிற நாட்டினருக்குப் பணம் கிடைத்தது. அமெரிக்கர்களுக்கு 2014இல்தான் கிடைக்கத் தொடங்கியது. இந்தியாவில் இப்போது நிலைமையே வேறு. 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட இணைய விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை வழங்குவதையே தடைசெய்கிறது.

ஃபெர்குசன் 2013இல் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் வழக்கை உடன்பாட்டில் முடித்துக்கொண்டார். 2016இல் உலகப் போக்கர் தொடருக்குத் திரும்பினார். 2017இல் அத்தொடரின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார். 2018இல் சிறிய காணொளி ஒன்றில் ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கைமுதலில் எவ்வளவு பங்கைத் தளத்தில் வைக்கலாம், எப்போது எடுத்துவிட வேண்டும் என்பது பற்றி அவருடைய விதிகளில் ஒரு வரியும் இல்லை.