கயிறு முனகும் மட்டும்

தெப்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் மரத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மலைவேம்பு எத்தனை வருடம் தாங்கும், முள்முருக்கு ஊறிப்போகுமா என்று வாதம் நீளும். நான் கயிற்றின் கட்சி.

முல்லைத்தீவுக் கரையில் பெரியப்பா கட்டிய தெப்பத்தில் ஆணி ஒன்றுகூட இல்லை. நாலு மலைவேம்பு, இரண்டு குறுக்குத்தடி, மிச்சமெல்லாம் தும்புக்கயிறு. களப்போரச் சேற்றில் மாதக்கணக்கில் ஊறிய தேங்காய் மட்டையை அடித்து, தும்பைப் பிரித்து, உள்ளங்கையால் உருட்டித் திரித்த கயிறு. தொட்டால் சொரசொரவென்று கையைப் பிடிக்கும். அந்தச் சொரசொரப்புத்தான் மரத்தையும் பிடிக்கிறது. சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றாகப் படியவைத்து, மரத்தில் காலை ஊன்றிக்கொண்டு, "கயிறு முனகும் மட்டும் இழு தம்பி" என்பார். கடலில் இறங்கியதும் மரமும் கயிறும் ஊறிக் கட்டு இன்னும் இறுகும். திரும்பி வந்ததும் அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக வெயிலில் போடுவார். ஒரு மரம் பழுதானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். கழித்த மரம் அடுப்புக்கு, கழித்த கயிறு தென்னை அடிக்கு.

வல்வெட்டித்துறைக்காரர் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போன அன்னபூரணிக் கப்பலைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் ஆங்கிலேயர் தங்கள் மொழிக்குள் எடுத்துக்கொண்ட சொல் தெப்பத்தின் மறுபெயரான கட்டுமரம்தான். 1697இல் வெளிவந்த, ஆங்கிலக் கடலோடி டாம்பியரின் பயண நூலிலேயே அது இருக்கிறது. சொல்லின் முன்பாதியே கட்டு.

மரைன் பிளைவுட்டை வெட்டி ஒட்டி வீட்டிலேயே படகு செய்யலாம் என்கிறான் நண்பன். செய்யலாம், வடிவாகவும் வரும். ஐரோப்பாவில் ஆளி நாரையும் தாவர எண்ணெயில் பிறந்த பிசினையும் சேர்த்துப் படகு வார்க்கிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனாலும் பிசின் ஒருமுறை இறுகினால் இறுகினதுதான். நாரை அதிலிருந்து மீட்பது கடினம்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. தொழிலுக்கு அவை வேண்டும், மறுக்கவில்லை. உடைந்த ஓடுகளைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. எரித்தால் நச்சுப் புகை, அரைத்தால் தோலை அரிக்கும் தூள். களப்பில் இப்போது ரெஜிபோம் தெப்பங்கள். அவை உதிர்க்கும் வெள்ளை மணிகள் இறால் வலையில் சிக்கி வருகின்றன. மரத்தெப்பம் வைத்திருப்பவர்கூட நைலோனால் கட்டுகிறார். நைலோன் வழுக்கும், மரத்தை அறுக்கும். கடைத் தும்புக்கயிறோ முனகுவதற்கு முன்பே பிரிந்துவிடுகிறது.

போன மாரிக்கு முன் புதுக்குடியிருப்பு வீட்டு முற்றத்தில் தங்கை மகனோடு ஒரு தெப்பம் கட்டினேன். மட்டையை நாங்களே ஊறப்போட்டோம், நாங்களே திரித்தோம். முதல் இரண்டு கட்டும் தொளதொளத்தன. மூன்றாவதில் அவன் காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தான். சட்டென்று நிமிர்ந்து பார்த்தான்.

"மாமா, கேட்டதோ?"