வரைவும் ஆட்டமும்: 1972 ஆம் ஆண்டுக் கல்கரிப் போட்டி பற்றிய ஒரு மதிப்பீடு

கலையும் திறனும் ஒருங்கே வேண்டப்படுகின்ற போட்டிகளில் வெற்றி தோல்விகளை அறுதியிடுதல் என்றும் அரிதான செயலே. ஓட்டப் பந்தயத்திலே கடிகாரம் தீர்ப்பளிக்கின்றது. பாரந்தூக்குதலிலே நிறை தீர்ப்பளிக்கின்றது. பனிக்கட்டித் தளத்திற் சறுக்கியாடுங் கலையிலோ மனிதரின் கண்ணே தீர்ப்பளித்தல் வேண்டும். அக்கண் எதனைக் காண்டல் வேண்டும் என்னும் வினாவே அக்கலையின் வரலாறு முழுவதையும் ஊடுருவி நிற்கின்றது. 1972 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கனடாவின் கல்கரி நகரில் நிகழ்ந்த உலகப் போட்டி இவ்வினாவைத் தெளிவுற எழுப்பியமையால் ஆராய்தற்குரியதாகின்றது.

அப்போட்டியின் மகளிர் பிரிவில் ஒஸ்திரியாவைச் சேர்ந்த பெயாத்திரிக்ஸ் சூபா முதலிடத்தையும், கனடாவைச் சேர்ந்த கரன் மக்னசன் இரண்டாமிடத்தையும், ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜனெற் லின் மூன்றாமிடத்தையும் பெற்றனர். அதற்கு முந்திய மாதத்திலே யப்பானின் சப்போரோ நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவிலும் இம்மூவரே இதே ஒழுங்கில் நின்றனர். ஆயின், சப்போரோவில் இசையோடு கூடிய தன்விருப்ப ஆட்டத்தை மட்டும் தனியே எடுத்து நோக்கின், அதில் முதலாவதாக வந்தவர் லின். சூபாவோ ஏழாவதாக வந்தவர். ஏழாவதாக ஆடியவர் எங்ஙனம் முதல்வராயினார் என்று பார்வையாளர் பலர் திகைத்தனர். அத்திகைப்பு நியாயமானதா என்பதை அறியப் போட்டியின் அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும்.

இக்கலையை ஆளும் சர்வதேசச் சங்கம் 1892 இல் நிறுவப்பட்டது. முதலாவது உலகப் போட்டி 1896 இல் சென் பீற்றேர்ஸ்பேர்க்கிலே நடைபெற்றது. தொடக்கந்தொட்டே போட்டி இரு கூறாய் அமைந்தது. ஒன்று, விதிக்கப்பட்ட வரைவுகளைப் பனியின்மேல் வரைதல். மற்றையது, ஆடுவோர் தாமே வகுத்துக்கொண்ட ஆட்டத்தை இசைக்கு இயைய ஆடுதல். வரைவே இக்கலையின் மூலம். சறுக்குக் காலணியின் அடியிலுள்ள உருக்கலகு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரு விளிம்புகளை உடையது. ஒற்றைக்காலில் நின்று, ஒரு விளிம்பை மட்டும் பனியிற் பதித்து, இசையின்றி, வட்டங்களையும் அவற்றினிடையே வரும் திருப்பங்களையும் கண்ணிகளையும் வரைதல் வேண்டும். ஒருமுறை வரைந்த கோட்டின்மீதே மீண்டும் இருமுறை செல்லல் வேண்டும். அதன்பின் நடுவர் தளத்தில் இறங்கி, வட்டம் வட்டமாகவே உளதா, மூன்று சுவடுகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினவா, திருப்பத்தில் இரு விளிம்பும் பதிந்து இரட்டைக்கோடு விழுந்ததா என்று பார்த்துப் புள்ளியிடுவர்.

இவ்வரைவுகளுக்கு 1960களின் பிற்பகுதிவரை மொத்தப் புள்ளியில் 60 வீதம் உரியதாயிருந்தது. கல்கரிப் போட்டி நடந்த காலத்தில் அது 50 வீதமாயிற்று. சூபா இத்துறையில் ஒப்பாரின்றி விளங்கியவர். அவர் வரைந்த சுவடுகள் வரைகருவி கொண்டு இட்ட கோடுகள் போன்று ஒன்றின்மேல் ஒன்று படிந்தன என்பதை அக்கலை அறிந்தோர் யாவரும் ஒப்புவர். சப்போரோவில் வரைவிலே நான்காமிடத்தில் நின்ற லின், தன்விருப்ப ஆட்டத்தில் எத்துணைச் சிறப்புற ஆடியும் அவ்விடைவெளியைக் கடத்தல் இயலாததாயிற்று. ஆகவே விதிகளை அளவுகோலாகக் கொள்ளின், முடிவு நேரியதே. அதனை அநீதி என்பார் விதியை அறியாதவராவர்.

எனினும் விதிப்படி நேரியது என்பதனாலேயே ஒரு முடிவு குறையற்றது ஆகிவிடாது. இங்கு மூலக்குறை யாதெனின், இருவேறு ஆற்றல்களை ஒரே துலாக்கோலில் இட்டு நிறுத்தமையும், அவற்றுள் ஒன்றை மட்டுமே மக்களுக்குக் காட்டியமையுமாம். வரைவுப் போட்டி பல மணிநேரம் அமைதியாக நடைபெறுவது. ஏறக்குறைய வெறுமையான அரங்கிலே நிகழ்வது. தொலைக்காட்சி அதனைக் காட்டவில்லை. மாலையில் இசையோடு நிகழ்ந்த ஆட்டத்தையே மக்கள் கண்டனர். சப்போரோவிலே லின் சுழற்சியொன்றிற் தவறிப் பனியில் வீழ்ந்தும், முறுவல் மாறாது எழுந்து ஆடியதைக் கண்ட யப்பானிய மக்கள் அவரைத் தம்மவர்போற் போற்றினர். அவர்கள் கண்டது உண்மை. ஆனால் உண்மையின் ஒரு பாதி. சூபாவின் சிறப்போ, பனித்தளம் மீளச் செப்பனிடப்பட்டதும் அழிந்துபோன கோடுகளில் இருந்தது. காணப்படாத சிறப்புக்கு வழங்கப்பட்ட பரிசு காண்போர்க்கு வஞ்சகமாய்த் தோன்றுதல் இயல்பே.

இதன் விளைவாக விதிகள் மாறின. 1973 இல் வரைவுகளின் எண்ணிக்கை குறைக்கப்பட்டு, அவற்றின் பங்கு 40 வீதமாக்கப்பட்டது. விதிக்கப்பட்ட உறுப்புக்களை இசையோடு ஆடும் குறுகிய ஆட்டம் ஒன்று 20 வீதப் புள்ளியுடன் புதிதாகப் புகுத்தப்பட்டது. லின் போன்ற ஆட்டத்திறன் மிக்கோர்க்கு இம்மாற்றம் துணைசெய்யும் என்றே பலரும் கருதினர். ஆனால் அவ்வாண்டு பிராத்திசிலாவாவில் நடந்த உலகப் போட்டியில் நிகழ்ந்தது வேறு. தமக்குப் பகையென்று கருதப்பட்ட வரைவிலே லின் இரண்டாமிடம் பெற்றார். தமக்கு ஆக்கமாகுமென எண்ணப்பட்ட குறுகிய ஆட்டத்திலோ இருமுறை வீழ்ந்து பன்னிரண்டாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். இறுதி ஆட்டத்தில் முதல்வராக வந்தும், பட்டம் மக்னசனுக்கே சென்றது. ஒருவர்க்கு நலஞ்செய்யக் கருதி விதியைத் திருத்துவோர் சிந்திக்கவேண்டிய நிகழ்ச்சி இது. விதி தகுதியைச் சோதிக்கலாம். அன்றைய நாளின் நிலையை அது ஆளமாட்டாது. அதே ஆண்டிலே லின் 14 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகைக்குத் தொழின்முறைப் பனியாட்டக் குழுவொன்றில் ஒப்பந்தமானார். நடுவர் அளியாத முதலிடத்தை மக்களின் விருப்பம் அவருக்கு அளித்தது எனலாம்.

வரைவின் பங்கு பின்னரும் படிப்படியாகத் தேய்ந்தது. 1990 இல் கனடாவின் ஹலிபாக்ஸ் நகரில் நடந்த உலகப் போட்டியோடு அது முற்றாக நீக்கப்பட்டது. இந்நீக்கத்தை வெறும் இழப்பென்றோ வெறும் ஆக்கமென்றோ கொள்ளுதல் பொருந்தாது. வரைவைப் பயிலச் செலவான நெடும்பொழுது தாவல்களுக்கு உரியதாயிற்று. தாவல்களின் கடுமை பெரிதும் வளர்ந்தது. ஆயின் ஒரு விளிம்பிலே நிலைத்து நிற்றலும், உடலின் நிறையை அசைவின்றித் தாங்குதலும் வரைவுப் பயிற்சியால் வந்தவை. லின்னின் ஆட்டத்தில் மக்கள் கண்டு வியந்த ஒழுக்கு, அவரும் இளமைதொட்டு வரைவு பயின்றதன் பயனே. ஆதலின், சூபாவும் லின்னும் எதிரெதிர் நின்ற இரு கொள்கையர் என்று பேசுவது மேற்போக்கான பேச்சு. ஒரே பயிற்சி ஒருவரிடம் கோடாக முதிர்ந்தது. மற்றவரிடம் ஆட்டமாக மலர்ந்தது.

இவ்வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. 2002 ஆம் ஆண்டு சோல்ற் லேக் சிற்றி ஒலிம்பிக் விழாவிலே இணையர் போட்டித் தீர்ப்புப் பற்றி எழுந்த பெரும் பூசலின்பின், 2004 இல் சர்வதேசச் சங்கம் புதிய மதிப்பீட்டு முறையை ஏற்றது. ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் தனித்தனி மதிப்பு வகுக்கப்பட்டது. தாவலின்போது எவ்விளிம்பு பதிந்தது, சுற்று நிறைவுற்றதா என்பவற்றை நுட்பக் குழுவினர் பதிவுசெய்த காட்சியை மெதுவாக ஓடவிட்டு ஆராய்கின்றனர். அன்று பனியிற் குனிந்து கோட்டைப் பார்த்த நடுவருக்கும், இன்று திரையிலே விளிம்பைப் பார்ப்போருக்கும் நோக்கம் ஒன்றே. அளவையை விலக்கிய கலை வேறொரு வாயிலால் அதனை மீளவும் அழைத்துக்கொண்டது.

இவற்றால் பெறப்படுவது ஒன்றுண்டு. கலையை அளத்தல் தவறன்று. அளவின்றேல் போட்டியே இல்லை. அளப்பது எது, அளவைக்கு அப்பாற்பட்டது எது என்பதை ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் ஒருங்கே விளக்காதொழிதலே தவறு. கல்கரியில் வென்றவர் தகுதியுடையவரே. மூன்றாமிடத்தில் நின்றவரும் தகுதியிற் குறைந்தவரல்லர். அவ்விருவரின் புகழுக்கும் ஊறுவிளைத்தது, எதற்காகப் பரிசளிக்கின்றோம் என்பதை மக்களுக்கு உணர்த்தத் தவறிய அமைப்பேயாகும்.