மாற்றிப் போட்டால் போதுமா?

ஆடியோ கோப்பு அனிமேஷன் மென்பொருளுக்குள் ஏற மறுத்தால், வகுப்பறையிலும் ஸ்டுடியோவிலும் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றுதான். வேவ் வடிவத்துக்கு மாற்று. 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று வை. மறுபடி இம்போர்ட் செய். பெரும்பாலும் இது பலித்துவிடுகிறது. பலிப்பதாலேயே யாரும் இதைக் கேள்வி கேட்பதில்லை. விளம்பரத்துக்கு டப்பிங் பேசிய குரல் என்றால் கேட்கத் தேவையும் இல்லை; கெட்டுப்போனால் அதே கலைஞரை மறுநாள் அழைத்துப் பேச வைக்கலாம். மறுபடி பேச வைக்க முடியாத குரலை வைத்துப் படம் வரையும்போதுதான் இந்தப் பழக்கத்தின் குறை பெரிதாகிறது.

இராமநாதபுரம் கடற்கரையில் அப்படிப்பட்ட குரல்கள் நிறைய. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பாம்பனிலிருந்து போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலை அலை கொண்டுபோனது. அன்று பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் சொல்லும் அந்த இரவைத் திரையில் காட்ட, வரைவதைவிட நல்ல வழி இல்லை. பாம்பனில் மீனவர்களே நடத்தும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி 2016 முதல் கடலின் மாற்றங்களை மீனவர் வாய்மொழியிலேயே ஒலிபரப்பி வருகிறது. பாசி எடுக்கும் பெண்களின் பேச்சு, காற்றின் போக்கு மாறியதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது எல்லாமே அனிமேஷனுக்கு அரிய மூலப்பொருள். முகம் காட்டத் தயங்குபவரும் குரல் கொடுக்க முன்வருவார். சாதாரண மக்களின் பேச்சைப் பதிவுசெய்து, அதற்கேற்பக் களிமண் விலங்குகளை அசைத்த நிக் பார்க்கின் 'கிரீச்சர் கம்ஃபர்ட்ஸ்' ஆஸ்கர் வென்றது இந்த முறையில்தான். இதில் குரல் முதலில், படம் பிறகு. ஆகவே ஆடியோவில் நேரும் பிழை படம் முழுக்கப் பரவும்.

வைத்தியத்தின் நியாயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பேரப்பிள்ளையின் ஃபோனில் பதிவாகும் பேச்சு பெரும்பாலும் ஏஏசியாக இருக்கும். பழைய ஃபோன் என்றால் ஏஎம்ஆர். வாட்ஸ்அப் குரல் செய்தி என்றால் ஓபஸ். எல்லாம் இடத்தை மிச்சப்படுத்தச் சுருக்கியவை. அனிமேஷன் செய்பவரோ டைம்லைனை முன்னும் பின்னும் இழுத்து, எந்த ஃபிரேமில் உதடு மூடுகிறது, எதில் திறக்கிறது என்று கேட்பவர். பிட் ரேட் மாறிக்கொண்டே போகும் எம்பி3 கோப்பில் குறிப்பிட்ட நொடிக்குத் தாவ, சில மென்பொருள்கள் உத்தேசமாகத்தான் கணக்கிடுகின்றன, அது தவறலாம். போதாததற்கு எம்பி3 ஆக்கும்போது குரலுக்கு முன்னால் சிறு மௌனம் ஒன்று சேர்ந்துகொள்கிறது. பொதுவாக அது 25 மில்லிநொடி அளவு. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் அது அரை ஃபிரேமுக்கும் அதிகம். சில மென்பொருள்கள் அதைக் கழித்துக்கொள்ளும், சில கழிக்காது. வேவ் கோப்பில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வேலைக்கு வேவ்தான் சரி என்பதில் சர்ச்சையே கிடையாது.

குறை, காரணம் பார்க்காமல் மாற்றுவதில் இருக்கிறது. தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பேசியவர் பெயர், ஊர், தேதி எல்லாம் பெயரிலேயே இருக்கின்றன. கோப்பின் பெயரிலோ ஃபோல்டரின் பெயரிலோ தமிழ் எழுத்து இருந்தால் திறக்கத் தெரியாத பழைய மென்பொருள்கள் உண்டு. மாற்றும்போது புதிய கோப்புக்கு ஆங்கில எழுத்தில் ஏதோ ஒரு பெயர் விழுகிறது; உடனே ஏறிவிடுகிறது. வடிவம்தான் பிரச்சினை என்று எல்லாரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பெயரை மாற்றியிருந்தாலே போதும். இந்தத் தவறான முடிவுக்குக் கொடுக்கும் விலை அதிகம். சில மாதங்களில் ஃபோல்டர் முழுக்க 'நியூ1', 'நியூ2' என்று கோப்புகள் சேர்ந்துவிடும். எந்தக் குரல் சின்னப்பாலத்துக்காரருடையது, எது தங்கச்சிமடத்துக்காரருடையது என்று சொல்ல ஆள் இருக்காது.

இன்னொரு வகைக் குழப்பம் கோப்பின் வாலை, அதாவது பெயரின் கடைசியில் வரும் வடிவக் குறியை, பார்த்து ஏமாறுவது. பேச்சைக் கேட்டு வாயசைவு வடிவங்களைத் தானாகப் பிரித்துத்தரும் ரூபார்ப் லிப் சிங்க் என்ற இலவசக் கருவி, வேவ் கோப்பையும் ஓஜிஜி கோப்பையும் ஏற்கும். வாட்ஸ்அப் குரல் செய்தியும் ஓஜிஜிதான், ஆனால் ஏறாது. வெளியே உறை ஒன்றுதான், ஆனால் உள்ளே ஒலியைச் சுருக்கிய முறை வேறு: கருவி எதிர்பார்ப்பது வோர்பிஸ், வாட்ஸ்அப் வைத்திருப்பது ஓபஸ். இதை அறியாதவர் வாலை மட்டும் திருத்தி 'வேவ்' என்று பெயர் வைத்துப் பார்க்கிறார். உள்ளே இருப்பது மாறவில்லை என்பதால் இன்னும் குழம்புகிறார்.

44,100 என்ற எண்ணையும் ஆராய வேண்டும். அது இசை சிடியில் நொடிக்கு எடுக்கப்படும் சாம்பிள்களின், அதாவது ஒலி மாதிரிகளின், அளவு. படத்துக்குப் பழக்கமான அளவு 48,000. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 48,000ஐ வகுக்க ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 2,000 சாம்பிள் விழும். 44,100ஐ வகுத்தால் 1,837.5. அந்த அரை சாம்பிளை ஒரு மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமிலும் விட்டுவிட்டால் நொடிக்கு 12 சாம்பிள் பிசகும். ஐந்து நிமிடப் பேச்சின் முடிவில் ஏறக்குறைய இரண்டு ஃபிரேம் விலகியிருக்கும். ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் இப்படிச் செய்யாது. ஆனால் எது ஒழுங்கானது என்று தெரியாமல்தானே வைத்தியம் தேடுகிறோம்? 44,100இல் பதிந்த பத்து நிமிடக் கோப்பை 48,000 என்று எண்ணி ஓட்டினால் 9 நிமிடம் 11 நொடியில் முடிந்துவிடும். பாட்டியின் குரலும் சுருதி கூடி மேலே ஏறும். இவற்றைவிட அடிக்கடி நடப்பது, படத்தின் ஃபிரேம் ரேட்டை நடுவில் மாற்றுவது. 24இல் வரைந்த ஐந்து நிமிடப் படத்தை 25இல் ஓட்டினால் படம் 12 நொடி முந்திவிடும். இதற்கு ஆடியோவை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. அடோபி அனிமேட்டில் ஒலியை 'ஈவென்ட்' என்று வைத்தால் அது டைம்லைனோடு கட்டுப்படாமல் தன்போக்கில் ஓடும். 'ஸ்ட்ரீம்' என்று மாற்றினால் போதும். அதையும் கோப்பின் குற்றமாகவே பலர் எண்ணுகிறார்கள்.

கடலோர ஊரில் தன்னார்வத்தில் படம் செய்பவருக்கு இத்தனையும் ஆராய நேரம் ஏது என்று கேட்கலாம். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்தால் உறை, உள்வடிவம், சாம்பிள் ரேட், நீளம் எல்லாம் ஒரே திரையில் வந்துவிடும். அதைப் பார்ப்பதற்கு ஆகும் நேரம், கண்மூடித்தனமாக இரண்டாம் முறை மாற்றுவதற்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவு.

கடைசியில் ஃபோன் திரையில்தானே பார்க்கப்போகிறார்கள், கொஞ்சம் தரம் குறைந்தால் என்ன என்பது அடுத்த வாதம். இதை ஏற்க முடியவில்லை. 8,000 ஹெர்ட்ஸில் பதிந்த ஏஎம்ஆர் பேச்சில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி இல்லவே இல்லை. சகரத்தின் கூர்மை அங்கேயே போய்விட்டது. அதை 48,000 வேவாக மாற்றினால் போனது திரும்பாது. கோப்பின் முகப்பு மட்டும் உயர்தரம் என்று சொல்லும். மூலத்தை அழித்துவிட்டால் பின்னால் வருபவர் அந்த முகப்பை நம்புவார். இடம் போதாது என்பதும் வலுவான காரணம் அல்ல: 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தட வேவ் ஒரு மணி நேரத்துக்கு 346 மெகாபைட்தான். வாட்ஸ்அப் மூலக் கோப்பு அதில் மிகச் சிறு பங்கு. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம்.

குற்றம் மென்பொருளுடையது, பயனாளரை ஏன் குறை சொல்ல வேண்டும் என்ற வாதத்தில் உண்மை அதிகம். 'கோப்பைத் திறக்க இயலவில்லை' என்று மட்டும் சொல்லி நிற்கும் மென்பொருள், பெயரைப் படிக்க முடியவில்லையா, உள்வடிவம் புரியவில்லையா என்று சொல்லியிருந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். ஸ்டுடியோ ஜிப்லி பயன்படுத்திய மென்பொருளின் வழிவந்த ஓப்பன்டூன்ஸின் மூலநிரல் 2016 முதல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, ரூபார்ப்பும் அப்படியே. தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பு திறக்காததை அவற்றை உருவாக்குபவர்களிடம் முறையிடலாம், நிரல் தெரிந்தவர் தாமே திருத்தலாம். ஆனால் எந்த முறையீட்டுக்கும் ஏற மறுத்த அந்தக் கோப்பு, அதே பெயரோடு, அப்படியே வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டு மூலத்தை அழிக்கிறவரிடம் அனுப்புவதற்கு ஒன்றும் இருப்பதில்லை.