நூடுல்ஸ் கடையில் நிற்பவள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்து நகரில் 2002ஆம் ஆண்டு ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டது. பெயர் ‘ஒர்க்கிங் கிளாஸ் அக்குபங்சர்’, அதாவது உழைக்கும் வர்க்க அக்குபங்சர். தொடங்கியவர்களில் ஒருவர் லிசா ரோலெடர். ஏழு ஆண்டுகள் கழித்து, 2009இல், அவருடைய புத்தகம் ஒன்று ‘அக்குபங்சர் நூடுல்ஸ் மாதிரி’ என்ற தலைப்பில் வந்தது. மாவோவின் சிவப்புப் புத்தகத்தைக் குறும்பாக நினைவூட்டும் ‘சமையல் புத்தகம்’ என்ற துணைத் தலைப்பும் அதற்கு உண்டு.

தலைப்புதான் வாதம். அமெரிக்காவில் அக்குபங்சர் என்பது வெள்ளைத் துணி விரித்த மேசையில் பரிமாறும் விருந்தாகிவிட்டது. தனி அறை, மெல்லிய இசை, ஒரு மணி நேரம், அறுபதிலிருந்து நூறு டாலருக்கு மேலும் கட்டணம். முதுகுவலிக்கு ஒரு முறை குத்திக்கொண்டால் போதாது. வாரத்துக்கு இரண்டு முறை, பல வாரங்கள் போக வேண்டும். அலுவலகம் கூட்டுகிறவரோ பேருந்து ஓட்டுகிறவரோ அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. ஆனால் இந்த மருத்துவம் பிறந்த நாட்டில் அது தெருமுனைக் கடை நூடுல்ஸைப் போல எளியது, அன்றாடமானது. நம் ஊர்க் கணக்கில் இட்லி. அதை மறுபடி இட்லியாக்குவோம் என்கிறார் ரோலெடர்.

உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் சாப்பாட்டு உவமை எதைக் கேட்டாலும் அடுப்படியை எட்டிப் பார்ப்பது நம் பழக்கம். இட்லி மலிவு என்றால், மாவாட்டியவளுக்கு என்ன கிடைத்தது? சமூக அக்குபங்சர் என்று இன்று அறியப்படும் இயக்கத்தை இந்தக் கேள்வியோடுதான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த அறையைப் பார்ப்போம். ஒரே பெரிய கூடம். சுற்றிலும் சாய்வு நாற்காலிகள், பல இடங்களில் பழையதாக வாங்கியவை. வருபவர் செருப்பைக் கழற்றி, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி, சட்டைக் கையை மடித்து விட்டுச் சாய்கிறார். ஊசி குத்துபவர் அருகில் வந்து தணிந்த குரலில் இரண்டு நிமிடம் பேசி, கை, கால், தலை, காது ஆகிய இடங்களில் மட்டும் ஊசி வைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு நகர்கிறார். வந்தவர் அரை மணியோ இரண்டு மணியோ தூங்கலாம். தொடக்க ஆண்டுகளில் கட்டணம் பதினைந்திலிருந்து முப்பத்தைந்து டாலர் வரை இருந்தது. எவ்வளவு என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்கிறார். வருமானச் சான்று கேட்பதில்லை. ‘நான் ஏழை’ என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. ரேஷன் கடையிலும் உதவித்தொகை அலுவலகத்திலும் நின்ற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதாகத் தெரியவில்லை. இங்கே யாரும் உடை களைய வேண்டாம். மூடிய அறையில் மருத்துவரோடு தனியாக இருக்க வேண்டாம். உடல்மீது வன்முறையை அனுபவித்த பெண்ணுக்கு, பத்துப் பேர் தூங்கிக்கொண்டிருக்கும் கூடம் தனியறையைவிடப் பத்திரமான இடம். இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. பக்கத்து நாற்காலிக்குக் கேட்கும் தொலைவில் எவள் தன் வீட்டுக் கதையைச் சொல்வாள்? பெண்ணின் வலியை உட்கார்ந்து கேட்க ஆளில்லை என்பதுதானே நம் பழைய குறை. தனி அறை மருத்துவர் அந்த ஒரு மணி நேரத்தில் கேட்கவாவது செய்கிறார். அந்தக் கேட்டலுக்கும் சேர்த்துத்தான் நூறு டாலர்.

அக்குபங்சர் என்றதும் தமிழ் வாசகி ஒருத்தி புருவம் உயர்த்தினால் அது நியாயம். 2018இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே நடத்திய பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோனார். வீட்டுப் பிரசவப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ‘ஹீலர்’ ஒருவர் அதற்குப் பின் கோவையில் கைதானார். மருந்தில்லா மருத்துவம் என்ற பெயரில் பெண்ணை ஆஸ்பத்திரியிலிருந்து விலக்கி வைக்கும் ஆண் குருமார்களை நாம் அறிவோம். போர்ட்லாந்து இயக்கம் அந்த வகையல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று அது சொல்லவில்லை. ஆனாலும் ஊசியால் என்ன ஆகும், என்ன ஆகாது என்ற கேள்வியைத் தாண்டிக் குதிக்க முடியாது. நாள்பட்ட முதுகுவலி, கழுத்துவலி, மூட்டுவலி, தலைவலி ஆகியவற்றில் சுமார் 20,000 பேரின் தரவுகளைச் சேர்த்து ஆராய்ந்ததில், அக்குபங்சர் பெறாதவர்களைவிட அதைப் பெற்றவர்களுக்கு நல்ல நிவாரணம் தெரிந்தது. போலியாக ஊசி குத்தியவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியது. கொகெய்ன் அடிமைத்தனத்துக்குக் காதில் ஊசி வைக்கும் முறையை 620 பேரிடம் சோதித்து 2002இல் வெளியான ஆய்வில், வேறு இடத்தில் ஊசி வைத்ததையோ வெறுமனே இளைப்பாற வைத்ததையோவிட அது மேலாக இருக்கவில்லை. அப்படியானால் வேலை செய்தது ஊசியா, நாற்காலியா, பக்கத்தில் யாரோ மூச்சுவிடும் சத்தமா? இயக்கத்தின் எழுத்துகள் இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்டிருக்கலாம். பதில் ‘நாற்காலி’ என்றே வந்தாலும் அவர்களுடைய வாதம் பலவீனப்படாது என்பது என் எண்ணம்.

காதில் ஊசி வைக்கும் அந்த முறையின் வழியாகத்தான் இயக்கத்தின் இன்னொரு வேருக்குப் போக வேண்டும். நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸில் இருந்த லிங்கன் மருத்துவமனையை அந்த வட்டார மக்கள் கசாப்புக் கடை என்றே சொன்னார்கள். பூர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் ‘யங் லார்ட்ஸ்’ அமைப்பு 1970 ஜூலை 14 அன்று அதைக் கைப்பற்றியது. சில நாட்களில் அதே மருத்துவமனையில், இதய நோய் இருந்த ஒரு பூர்ட்டோ ரிக்கோப் பெண் கருக்கலைப்பின்போது இறந்தார். நியூயார்க்கில் கருக்கலைப்பு சட்டப்பூர்வமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. உரிமை காகிதத்தில் வந்துவிட்டாலும் எந்த ஆஸ்பத்திரியின் கட்டிலில் அது கிடைக்கிறது என்பது வர்க்கத்தையும் நிறத்தையும் பொறுத்தது. அந்த நவம்பரில் போதை மீட்புப் பிரிவு ஒன்றை மக்களே அங்கு உட்கார்ந்து தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அதற்குள் அக்குபங்சர் வந்தது. 1978இல் மேயர் எட் காச் ஆட்சியில் போலீஸ் வந்து அவர்களை வெளியேற்றியது. காதில் ஐந்து புள்ளிகள், வட்டமாக நாற்காலிகள் என்ற முறை மட்டும் பிழைத்து, 1985இல் நாடா என்ற தேசிய அமைப்பாக மாறிப் பரவியது.

இந்தக் கதையைச் சொல்கிற இடங்களில் பெரும்பாலும் முதுலு ஷக்கூர் நாயகனாக நிற்கிறார். பாடகர் டூபாக்கின் வளர்ப்புத் தந்தை என்ற கூடுதல் வெளிச்சம் வேறு. அந்த மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலை பார்த்து, ஊழியர்களைத் திரட்டி, பிளாக் பாந்தர்ஸிலும் பிறகு யங் லார்ட்ஸிலும் இயங்கிய கிளியோ சில்வர்ஸ் அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார். இது புதிதல்ல, சலிப்புத்தான் வருகிறது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 1970இன் கோரிக்கைப் பட்டியல். வீடு வீடாகச் சென்று நோய்த்தடுப்புச் சேவை. தாய் சேய் நலம். இருபத்துநான்கு மணி நேரமும் புகார் மேசை. மக்களும் ஊழியர்களும் சேர்ந்த நிர்வாகக் குழு. ஊழியர்களுக்கு வாரம் 140 டாலர் குறைந்தபட்சக் கூலி. நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் குழந்தைகள் காப்பகம். கடைசி இரண்டையும் கவனியுங்கள். நோயாளியின் உரிமையும், அவளைத் தூக்கி உட்கார வைக்கும் ஊழியையின் கூலியும், இருவருடைய பிள்ளைகளும் ஒரே தாளில் இருந்தார்கள். அந்தத் தாள் அரசை நோக்கி நீட்டப்பட்டது. இது எங்கள் ஆஸ்பத்திரி, நீங்கள் சரிசெய்யுங்கள் என்றது.

போர்ட்லாந்து யாரையும் நோக்கித் தாள் நீட்டவில்லை. நன்கொடையும் வேண்டாம், காப்பீட்டு நிறுவனமும் வேண்டாம், நாற்காலியில் சாய்பவர் கொடுக்கும் இருபது டாலரிலேயே நிலையம் நடக்கும் என்பதே அதன் பெருமை. 2006இல் உருவான வலையமைப்பும் அதன் தொடர்ச்சியாக 2011இல் வந்த போக்கா என்ற கூட்டுறவும் இந்த மாதிரியை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோயின. நோயாளிகளும் உறுப்பினராகலாம் என்பது அழகான ஏற்பாடு. மானியத்தை நம்பிய திட்டங்கள் மானியம் நின்றதும் மூடப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சுயசார்பு எவ்வளவு விடுதலையாக இருந்திருக்கும் என்பதும் புரிகிறது. 1978இல் போலீஸை அனுப்பிய அரசிடம் ஏன் மறுபடி கையேந்த வேண்டும்? ஆனால் அரசு விலகிக்கொண்ட இடத்தை யாரோ ஒருவர் தன் உடலால் நிரப்ப வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு ஆறு பேர், தலைக்கு இருபது டாலர் என்றால் நூற்றிருபது. தனி அறையில் ஒருவரிடம் வாங்கும் நூறைவிட அதிகம்தானே என்பார்கள். எல்லா நாற்காலியும் எல்லா மணி நேரமும் நிரம்பினால்தான் அது சரி. மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு பேர்தான் வருவார்கள். வாடகை, ஊசி, வரவேற்பு மேசை எல்லாம் அதிலிருந்துதான். அந்த மேசையில் தன்னார்வலராக உட்கார்பவர் பல இடங்களில் நோயாளியே, கூலி இல்லை. குனிந்து நிமிர்ந்து நாற்காலி நாற்காலியாகப் போகிறவளின் முதுகுவலிக்கு அடுத்த நாற்காலியில் இடம் கிடைக்கும் என்பது ஆறுதலா, கேலியா?

ரோலெடர் இதை மறைக்கவில்லை. அவருக்குச் செய்ய வேண்டிய நியாயம் இது. அக்குபங்சர்காரர்கள் மேல்தட்டு வருமானக் கனவை விடவேண்டும், தாங்கள் சிகிச்சை அளிக்கும் மக்களின் வர்க்கத்தோடு தங்களை வைத்துப் பார்க்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார். மருத்துவர்கள் இதைக் கேட்கட்டும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அதே வாக்கியத்தை ஏற்கெனவே பிள்ளை வளர்த்துக்கொண்டும் அம்மாவைப் பார்த்துக்கொண்டும் இருக்கும் ஒரு பெண் படிக்கும்போது வேறு மாதிரி ஒலிக்கிறது. குறைவாகக் கேள், நிறையச் செய், அதில் நிறைவு காண் என்று அவளுக்கு இதற்கு முன்பே வீட்டில் சொல்லியிருக்கிறார்கள்.

இயக்கத்தினர் முன்னோடியாகக் கொண்டாடும் மிரியம் லீயின் வாழ்க்கை இந்த இடத்தில் எனக்கு உதவுகிறது. சீனாவிலிருந்து வந்து, கலிஃபோர்னியாவில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். உரிமம் என்ற ஒன்றே அங்கு இல்லாத காலத்தில் வைத்தியம் செய்ததற்காக 1974இல் கைதானார். அவருடைய நோயாளிகள் நீதிமன்றத்துக்குத் திரண்டு வந்தார்கள். பத்து ஊசிகள் கொண்ட ஒரே முறையைப் பலருக்கும் பயன்படுத்தி, நாளுக்குப் பல பத்துப் பேரைப் பார்த்தார். ஆளுக்கு ஆள் புதிதாக யோசிக்காத அந்த முறையை மேட்டிமைக்காரர்கள் தரக்குறைவு என்பார்கள். நிறையப் பேரைப் பார்த்த கை கண்டுபிடித்த சிக்கனம் என்பேன் நான். அவருக்காக நோயாளிகள் நீதிமன்றம் வரை வந்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. சமூக அக்குபங்சரில் நோயாளி நாற்காலிக்கு வருகிறார், மேசையில் உட்கார்ந்து உதவுகிறார். ஊசி குத்துபவளின் கூலிக்காக அவர் எங்கே போய் நிற்பார் என்பது எழுதப்படவில்லை.

அவர்கள் கைவைத்த ஒரே கட்டமைப்புப் பிரச்சினை கல்விக் கடன். அங்கே அக்குபங்சர் படிக்க மூன்று நான்கு ஆண்டுகள். படித்து முடிக்கையில் கடன் ஒரு லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். அந்தக் கடனோடு பதினைந்து டாலருக்கு ஊசி குத்த முடியாது. எனவே 2014இல் போக்கா தன் சொந்தப் பள்ளியை, மிகக் குறைந்த கட்டணத்தில், போர்ட்லாந்தில் திறந்தது. முழு இயக்கத்திலும் நான் மிகவும் மதிக்கும் காரியம் இது. தியாகம் செய் என்று சொல்வதை நிறுத்தி, தியாகத்தை ஏன் செய்ய வேண்டியிருக்கிறது என்று கேட்ட இடம்.

2020 ஜனவரியில் அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர், நாள்பட்ட கீழ்முதுகுவலிக்கு அக்குபங்சரை ஏற்றுக்கொண்டது. தொண்ணூறு நாட்களில் பன்னிரண்டு முறை. ஆனால் உரிமம் பெற்ற அக்குபங்சர்காரர் தன் பெயரில் பில் போட முடியாது. மருத்துவர் போன்ற வேறொருவரின் மேற்பார்வையில் இருந்துதான் பணம் வரும். அரசின் கதவு கொஞ்சம் திறந்தபோது, சாய்வு நாற்காலிக் கூடங்கள் அதன் முன்னால் இல்லை. இருந்திருந்தால் கையில் என்ன தாள் இருந்திருக்கும், அதில் காப்பகமும் குறைந்தபட்சக் கூலியும் எத்தனையாவது வரியில் இருந்திருக்கும் என்று நான் யோசிக்கிறேன்.